அடைப்பு வீடு

வீட்டைக் கட்டிப் பார், கல்யாணத்தைப் பண்ணிப் பார் என்று சொல்லிவைத்தவனுக்குச் சொந்த வீடு இருந்திருக்க வேண்டும். சித்திரை வெயிலில் கோவில்பட்டித் தெருக்களில் வாடகை வீடு கேட்டு அலைந்தவனாக இருந்தால் மூன்றாவதாக ஒன்றையும் சேர்த்துச் சொல்லியிருப்பான். எங்கள் ஊர் வீட்டுக்காரர்கள் கேட்கிற கேள்விகளுக்குப் பதில் சொல்வதைவிடப் பத்தாம் வகுப்புக் கணக்குப் பரீட்சையை இன்னொரு தடவை எழுதிவிடலாம். என்ன ஆளுக, எத்தனை உருப்படி, விருந்தாடி அடிக்கடி வருவார்களா என்பார்கள். குடிதண்ணீர் எட்டு நாளைக்கு ஒருதடவை வருகிற ஊரில் அது நியாயமான கேள்விதான். சுவரில் ஆணி அடிப்பீர்களா என்பார்கள். எல்லாம் முடிந்தது, சாவியை எடுக்கப் போகிறார்கள் என்று நாம் நினைக்கிற நேரத்தில் குரலைக் கொஞ்சம் இறக்கி, கடைசியாக ஒன்று கேட்பார்கள்.

"வீட்டுல சீக்காளி யாரும் உண்டுமா?"

இந்தக் கேள்வியில் கற்பகம் நான்கு வீடுகளைத் தோற்றிருந்தாள்.

கற்பகத்துக்கு வயது முப்பத்தெட்டு. கடலைமிட்டாய்க் கம்பெனியில் பாக்கெட் போடுகிற வேலை. ஒரே மகள் ஜெயப்பிரியாவைக் கடம்பூரில் கட்டிக் கொடுத்திருக்கிறது, அவள் கைப்பிள்ளைக்காரி. புருஷன் ராஜபாண்டி கயத்தாறு ரோட்டு லாரி செட்டில் பதினெட்டு வருஷம் மூட்டை சுமந்தவன். தோளில் ஒன்று, இடுப்பில் ஒன்று என்று சிமெண்டு மூட்டையை எடுத்துக்கொண்டு நடந்தவனுக்கு இரண்டு சிறுநீரகமும் கைவிட்டு ஒன்றரை வருஷம் ஆகிறது. செவ்வாயும் வெள்ளியும் பெரியாஸ்பத்திரியில் டயாலிசிஸ். காப்பீட்டு அட்டை இருப்பதால் அங்கே காசு கேட்பதில்லை. ஆட்டோக்காரன் அட்டையெல்லாம் பார்க்க மாட்டான். அதனால் வீடு ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும், அவள் சம்பளத்துக்குள்ளும் இருக்க வேண்டும்.

ஏழு வருஷமாகக் குடியிருந்த வீட்டின் சொந்தக்காரர் செல்லத்துரை அண்ணாச்சி கெட்டவர் என்று யாரும் சொல்ல முடியாது. ராஜபாண்டி முதலில் படுத்தபோது ஆரஞ்சுப் பழமும் ஆர்லிக்சும் வாங்கிக்கொண்டு வந்து பார்த்தவர். (இரண்டும் அவனுக்கு ஆகாது. அது அவருக்கு எப்படித் தெரியும்.) பங்குனிக் கடைசியில் வாசலில் நின்றபடியே சொன்னார்.

"வைகாசியில மகளுக்குத் தேதி குறிச்சிருக்கும்மா. வீட்டுல நல்ல காரியம். ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆயிட்டுன்னா நம்ம ரெண்டு பேருக்குந்தான் சங்கடம். தப்பா நெனச்சிக்கிடாத."

அட்வான்சை முழுசாகத் திருப்பிக் கொடுத்தார். வெள்ளையடிக்க என்று ஒரு ரூபாய்கூடப் பிடிக்கவில்லை. குறை சொல்ல இடம் கொடுக்காதவர்களிடம் சண்டை போடவும் முடிவதில்லை. கற்பகம் தலையாட்டிவிட்டு உள்ளே வந்து அடுப்படியில் உட்கார்ந்து அழுதாள்.

வீட்டுத் தரகன் இசக்கிதுரைக்குப் பஸ் ஸ்டாண்டு பக்கம் செல்போன் ரீசார்ஜ் கடை. நான்காவது வீட்டிலிருந்து வெறுங்கையோடு திரும்பிய அன்று கடை வாசலிலேயே அவளைப் பிடித்துக்கொண்டான்.

"யக்கா, ஒங்கள யாரு உண்மையச் சொல்லச் சொன்னா? கேட்டா இல்லன்னு ஒரு சொல்லு. அதுக்கு ஆஸ்பத்திரி, மிசினு, செவ்வா, வெள்ளின்னு ஒரு ஏக்கருக்கு வெளக்கமா?"

"நாளைக்குத் தெரிஞ்சா என்னய்யா செய்ய?"

"நாளைக்குத் தெரிஞ்சா நாளைக்குப் பேசிக்கிடலாம். இன்னைக்குச் சொல்லி இன்னைக்கே தெருவுலலா நிக்குதீங்க."

"அவிய மொகத்தப் பாத்தாலே தெரிஞ்சிரும். வீங்கிக் கெடக்கு."

"பாக்க விடாதீங்க" என்றான் இசக்கிதுரை. அவனுக்கு எல்லாம் சுலபம்.

வீட்டுக்கு வரும்போது அனல்காற்று கரிசல் புழுதியைத் தூக்கி முகத்தில் அடித்தது. ராஜபாண்டி கட்டிலில் உட்கார்ந்து தண்ணீர் பாட்டிலைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஒரு நாளைக்கு முக்கால் லிட்டர். பாட்டிலில் கற்பகம் பேனாவால் நாலு கோடு போட்டு வைத்திருந்தாள், வேளைக்கு ஒரு கோடு. மத்தியானக் கோட்டுக்கும் கீழே இறங்கியிருந்தது. இந்த வெயிலில் அவள் மட்டும் செம்பு செம்பாகக் குடித்துக்கொண்டு அவனைக் கணக்குக் கேட்க அவளுக்கு மனசு வரவில்லை.

"இன்னைக்குப் பாகு முத்திப்போச்சோ? சேலையில கருகுன வாடை அடிக்குது" என்றான்.

"ரெண்டு தட்டு வீணாப்போச்சு. மேஸ்திரி காச்சுமூச்சுன்னு கத்துதான்."

"வீணாப்போனதுல ஒரு துண்டு கொண்டாந்தா என்னட்டி?"

"கொண்டாருதேன். டாக்டரம்மாட்ட நீங்களே சொல்லிக்கிடுங்க."

அவன் சிரித்தான். கடலையும் ஆகாது, வெல்லமும் ஆகாது. அவளுக்குச் சோறு போடுகிற சரக்கு அவனுக்கு விஷம். சுரைக்காயை வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டி, மறுபடி வேகவைத்து, உப்பில்லாமல் சோற்றில் பிசைந்து கொடுத்தாள். தனக்கும் அதையே போட்டுக்கொண்டாள். ரெண்டு உலை வைக்கக் கேஸ் ஏது.

"வீடு?" என்றான் அவன்.

"பாத்துக்கிட்டிருக்கு."

"பேசாம குளத்தூருக்குப் போயிருவமா? அண்ணன் வீட்டு மாட்டுத் தொழுவத்துலயாவது கெடந்துக்கிடுதேன்."

"கெடப்பிய. செவ்வாக்கெழம வெடியுமுன்ன ஒங்களத் தூக்கி இங்கன கொண்டாரது யாரு? ஒங்க அண்ணனா?"

இரண்டு தடவை டயாலிசிஸ் தவறினால் மூன்றாவது தடவைக்கு ஆள் இருக்காது என்று அவனுக்குத் தெரியும். உயிர்மேல் ஆசை இல்லாதவன்போலப் பேசுவானே தவிர, பயந்தவன். அதிலும் நாள் நட்சத்திரம், சகுனம் என்றால் உயிரை விடுவான். பூனை குறுக்கே போனதென்று பன்னிரண்டு டன் உளுந்து ஏற்றிய லாரியை அரைமணி நேரம் நிறுத்திவைத்து முதலாளியிடம் ஏச்சு வாங்கியவன்.

மறுவாரம் இசக்கிதுரை போன் பண்ணினான். "ஒரு வீடு இருக்கு. ஆஸ்பத்திரிக்கு நடந்துரலாம். பாதி வாடகை. ஏன் பாதின்னு நான் சொல்லமாட்டேன், வீட்டுக்கார ராவுத்தரம்மாவே சொல்லுவாவ."

பள்ளிவாசலுக்குப் பின்னால் ஒரு முடுக்குச் சந்துக்குள் ஐந்து வீடுகள் வரிசையாக இருந்தன. ஒவ்வொன்றும் ஒரு அறை, ஒரு அடுப்படி. தகரப்பெட்டி வியாபாரம் பார்த்த மைதீன் ராவுத்தர் கட்டியது. அவர் போய்ச் சேர்ந்து பதினோரு வருஷம். முகப்பில் இருக்கிற வீட்டில் அவர் மனைவி ஆயிஷா பீவி தனியாக இருந்தாள், அறுபது தாண்டிய ஒல்லியான அம்மாள். முக்காட்டைச் சரிசெய்துகொண்டு, சாவியைக் கையில் வைத்துக்கொண்டே, திறக்காமல் பேச ஆரம்பித்தாள்.

"மொதல்லயே சொல்லிருதேன் தாயி. பெறகு ராவுத்தரம்மா ஒளிச்சுட்டான்னு யாரும் சொல்லப்படாது. இது அடைப்பு வீடு."

கற்பகத்துக்குத் திக்கென்றது.

"ரெங்கம்மாள்னு ஒருத்தி இருந்தா. இட்லி அவிச்சு வித்தவ. நல்லாத்தான் இருந்தா. தை மாசம் ஒரு நாளு மத்தியானம் நெஞ்ச வலிக்குன்னா, பொழுதடையையில ஆளு இல்ல. ஒங்க ஆளுக நாளப் பாத்துட்டுச் சதய நச்சத்திரம், ஆகாத நாளுன்னுட்டாக. ஆறு மாசம் அடைப்பாம். வீட்டப் பூட்டிப் போடணும், தெனம் அந்தியில வெளக்குப் பொருத்தணும், ஒரு செம்புல தண்ணி வைக்கணும், இல்லேன்னா இன்னொரு உசுரக் கேக்குமாம். அவ மவன் பத்து நா பொருத்துனான். பெறகு கோயமுத்தூருக்குப் போனவன்தான்."

"பெறகு யாரும்மா பொருத்துதா?"

"வேற யாரு, நாந்தான்."

கற்பகம் அவள் முகத்தைப் பார்த்தாள்.

"என்ன பாக்க? எங்க மார்க்கத்துல இதெல்லாம் கெடையாது. எம்மவன் ஹாரூன் மெட்ராசுலருந்து போன்ல சத்தம் போடுதான். நான் என்ன செய்யட்டும்? வெளக்கு எரியலேன்னா மத்த குடியும் ஓடிருமே. ரெண்டு குடி ஏற்கெனவே காலி பண்ணியாச்சு. இந்த வாடகையிலதான் என் அடுப்பு எரியுது. மகுரிபுக்கு முன்ன வந்து பொருத்திட்டுப் போயித் தொழுதுக்கிடுதேன். நான் யாரக் கும்புடுதேன்னு படைச்சவனுக்குத் தெரியாதா?"

கதவைத் திறந்தாள். புதுச் சுண்ணாம்பு மணந்தது. வெள்ளை வெளேரென்று நான்கு சுவர். மூலையில் ஒரு மண் அகல், பக்கத்தில் மூடிவைத்த செம்பு.

"ஆணி அடிக்கப்படாது, செவுத்துல கிறுக்கப்படாது. இப்பத்தான் வெள்ளையடிச்சேன். இன்னும் ரெண்டு மாசம் வெளக்குப் பொருத்தணும். அது நீ ஒத்துக்கிட்டா வீடு ஒனக்கு." பிறகு ஆயிஷா பீவியும் குரலை இறக்கினாள். "வீட்டுல சீக்காளி யாரும் உண்டுமா தாயி? தப்பா நெனைக்காத. இன்னொரு சாவு விழுந்தா இந்த வளவுல ஒரு குருவி குடியிருக்காது. நானும் மவன் வீட்டு வாசல்ல போயித்தான் நிக்கணும்."

எல்லாவற்றையும் ஒளிக்காமல் சொன்ன மனுஷியின் முகத்தைப் பார்த்துப் பொய் சொல்வது எவ்வளவு கஷ்டம் என்று கற்பகத்துக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

"இல்லம்மா."

"வீட்டுக்காரரு?"

"லாரி செட்டுல இருக்காவ. நல்லாத்தான் இருக்காவ."

அடுத்த வீட்டு வாசலில் ஒரு பெண் தலைமுடியைச் சிக்கெடுத்தபடி நின்றாள். தீப்பெட்டி ஆபீசுக்குப் போகிற ராமலட்சுமி. "அடைப்புன்னு தெரிஞ்சுமா வாரீங்க? பயமா இல்லையா மதினி?" என்றாள்.

"பயத்தப் பாத்தா எங்க போயி இருக்க?" என்றாள் கற்பகம். அந்த ஒன்று மட்டும் உண்மை.

புருஷனிடம் வீடு கிடைத்தது என்றாள். ஆஸ்பத்திரிக்குப் பக்கம், ராவுத்தரம்மா வீடு, நல்ல வெளிச்சம் என்றாள். அடைப்பு என்கிற சொல்லை வாயில் எடுக்கவில்லை. வீட்டுக்காரியிடம் சீக்காளி இல்லை என்று சொல்லியாயிற்று, சீக்காளியிடம் அந்த வீட்டில் ஒருத்தி செத்ததை மறைத்தாயிற்று. வேறு என்ன செய்வாள், சொல்லுங்கள். வெளியே நின்று நியாயம் பேசுகிற நமக்கெல்லாம் இன்றைக்கு ராத்திரி படுக்க இடம் இருக்கிறது.

நாள் குறித்தது ராஜபாண்டிதான். காலண்டரைக் கையில் வைத்துக்கொண்டு, செவ்வாய் ஆகாது, சனி ஆகாது, புதன் கரிநாள் என்று ஒவ்வொன்றாகத் தள்ளி வெள்ளிக்கிழமையில் வந்து நின்றான்.

"வெள்ளிக்கெழம ஒங்களுக்கு ஆஸ்பத்திரில்லா?"

"அதுக்காகக் கரிநாள்ல பால் காய்ச்சவா? நீ காய்ச்சு. நான் சாயங்காலம் நேரா அங்கன வந்திருதேன்."

அவளுக்கு அதுவும் நல்லதாகவே பட்டது. பொழுதடைந்து விளக்குப் பொருத்தி, ராவுத்தரம்மா தொழப் போன பிறகு அவன் வந்தால் போதும். இருட்டோடு உள்ளே வந்துவிட்டால் நாலு நாள் ஓட்டிவிடலாம். அவனோடு லாரி செட்டில் இருந்த கடற்கரை என்பவன் இப்போது சொந்தமாக லோடு ஆட்டோ ஓட்டுகிறான். சாமான் ஏற்றவும் அவன்தான், ஆளை ஏற்றவும் அவன்தான். ஏழு மணிக்கு மேல் கூட்டிக்கொண்டு வந்தால் போதும் என்று அவனிடம் சொல்லிவைத்தாள். ஊசி போடுகிற கையை மறைக்கிற மாதிரி மகள் கல்யாணத்துக்கு எடுத்த முழுக்கைச் சட்டையைப் போட்டு அனுப்பினாள்.

"இந்த வேக்காட்டுல முழுக்கையா?" என்றான்.

"புது வீட்டுக்குப் போறோம். நல்லாப் போனா என்ன?"

வெள்ளிக்கிழமை காலையில் ஒரு படி கல்லுப்பும் மஞ்சளும் நிறைகுடமும் முதலில் உள்ளே போயின. உப்பே ஆகாதவனுக்குப் பார்த்த வீட்டில் உப்புதான் முதலில் குடியேறியது. பால் நன்றாகப் பொங்கி வழிந்தது. ராமலட்சுமிக்கும் ஆயிஷா பீவிக்கும் சீனி போட்டு டம்ளரில் கொடுத்தாள்.

"வீட்டுக்காரரு எங்க?" என்றாள் ஆயிஷா பீவி.

"வேலைக்கும்மா. லீவு கெடைக்கல."

"பால் காய்ச்சுத அன்னைக்குக் கூடவா?" என்று ராமலட்சுமி வாயைக் கோணினாள்.

பகல் முழுக்கக் கற்பகம் பாத்திரங்களை இறக்கினாள், மூட்டைகளை அடுக்கினாள், கழுவினாள். மூலையில் அகல் இருந்த இடத்தைச் சுற்றி மட்டும் ஒன்றும் வைக்கவில்லை. அந்தச் செம்பைப் பார்க்கிறபோதெல்லாம் முகம் தெரியாத ரெங்கம்மாளிடம் மனசுக்குள் சொல்லிக்கொண்டாள். ரெண்டு மாசம் பொறுத்துக்கோ தாயே, நானும் உன்னை மாதிரி உழைச்சுப் பிழைக்கிறவதான்.

பொழுது சாய்கிற நேரத்தில் ஆயிஷா பீவி எண்ணெய்ப் பாட்டிலோடு வந்தாள்.

"நீங்க எதுக்கும்மா? நான் பொருத்திக்கிடுதேன்."

"இன்னைக்கு ஒரு நாள் நான் பொருத்திக் காட்டுதேன். நாலு மாசக் கைப்பழக்கம், பாரேன், இந்நேரமானா காலு தானா இங்கன வருது." குத்தவைத்து உட்கார்ந்து திரியை நிமிண்டினாள். செம்புத் தண்ணீரை மாற்றினாள். தீக்குச்சியைக் கிழித்துத் திரியில் வைத்தபோது முடுக்கில் ஆட்டோச் சத்தம் கேட்டது.

கற்பகம் போனை எடுத்துப் பார்த்தாள். மணி ஆறேகால்.

கடற்கரை நல்லவன். மிஷின் சீக்கிரம் காலியானதென்று சீக்கிரமே முடித்து விட்டுவிட்டார்கள். ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் சிநேகிதனை ஏழு மணிவரை உட்காரவைக்க அவனுக்கு மனசு வரவில்லை. மதினி சந்தோஷப்படுவாள் என்று நினைத்துக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டான்.

ராஜபாண்டி ஆட்டோவிலிருந்து இறங்கினான். மூன்றாவது எட்டில் கால் மடங்கியது. கடற்கரை தாங்கிப் பிடித்தபோதுதான் பார்த்தான், இடது கைச் சட்டை முழங்கைக்கு மேலே சிவப்பாகிக்கொண்டே வந்தது.

"மதினி! ஊசி போட்ட எடத்துல கட்டு அவுந்துட்டு. ரெத்தம் நிக்கல."

இருவருமாகத் தூக்கி உள்ளே கொண்டுவந்தார்கள். அறை நிறைய மூட்டையும் சட்டியும். காலியாக இருந்தது அந்த விளக்கு மூலை மட்டும்தான். அங்கேயே படுக்கவைத்தார்கள். கற்பகம் பஞ்சும் பட்டையும் இருந்த பையைத் தேடி ஒவ்வொரு மூட்டையாக அவிழ்த்துக் கொட்டினாள். எந்த மூட்டையில் வைத்தாள் என்று அவளுக்கு நினைவே வரவில்லை.

"யாராவது அழுத்திப் பிடிங்க! ஓட்டை மேலயே வெரல வைங்க. விட்டா ரெத்தம் பீச்சிரும்" என்று கடற்கரை கத்தினான். ஆட்டோ முடுக்கை அடைத்துக்கொண்டு நின்றதால் பின்னால் யாரோ ஆரன் அடித்தார்கள். வண்டியை எடுத்து ரோட்டில் நிறுத்த அவன் வெளியே ஓடினான்.

பக்கத்தில் இருந்தது ஆயிஷா பீவிதான். சட்டைக் கையைச் சுருட்டி ஏற்றிவிட்டு, கட்டைவிரலை வைத்து அழுத்தினாள். கை முழுக்கப் புடைத்த நரம்பும் ஊசித் தழும்புமாக இருந்தது. அழுத்திய விரல் ஒருகணம் திடுக்கிட்டது.

"யா அல்லா, என்னட்டி இது? உள்ளுக்குள்ள என்னமோ இரையுது!"

"டயாலிசிஸ் கையி, அப்படித்தான் இரையும்" என்றாள் வாசலில் வந்து நின்ற ராமலட்சுமி. "எங்க மாமாவுக்குப் பாத்திருக்கேன். அது சரி மதினி, லாரி செட்டுல வேலைன்னியள்லா? ரெண்டு கிட்னியும் போன ஆளக் கொண்டாந்து, அதுவும் அடைப்பு வீட்டுக்குள்ள, செத்தவ வெளக்குக்கு அடியில படுக்கப் போட்டுருக்கியளே. ஒங்களுக்கு நெஞ்சுல ஈரம் இருக்கா?"

ராஜபாண்டி கண்ணைத் திறந்தான். விளக்கைப் பார்த்தான். செம்பைப் பார்த்தான்.

"அடைப்பா?" என்றான். "ஏட்டி கற்பகம், அடைப்பு வீடா இது? என்ன நச்சத்திரம்?"

கற்பகம் அடுத்த மூட்டையை இழுத்து அவிழ்த்தாள்.

"என்னைய எங்கட்டி கொண்டாந்து போட்டுருக்க?" எழுந்திருக்கப் பார்த்தான். ஆயிஷா பீவி ஒரு கையால் அவன் நெஞ்சை அழுத்தினாள்.

"அசையாதய்யா, ரெத்தம் வருது." பிறகு விரலை எடுக்காமலே தலையைத் திருப்பிக் கற்பகத்தைப் பார்த்தாள். "நான் ஒனக்கு ஒண்ணாவது ஒளிச்சனா? இந்த வீட்டுல செத்துப்போனது, நாளு, நச்சத்திரம், வெளக்கு, ஒண்ணு விடாமச் சொன்னனா இல்லையா? நீ எம் மொகத்தப் பாத்து இல்லன்னு சொன்ன. ஆம்பளத் தொணை இல்லாத மனுசி, ஏமாளின்னு நெனச்சிட்டியா? எடு சாமான. காலையில காலி பண்ணிரு."

கற்பகம் கையில் அவிழ்த்த மூட்டையோடு நின்றாள். நாலு வீட்டு வாசலில் கும்பிட்டுக் குனிந்ததெல்லாம் சேர்ந்து இப்போது வந்தது.

"எடுக்கேன். எடுத்துட்டு எங்க போகச் சொல்லுதீங்க? உண்மையச் சொல்லித்தான் நாலு வாசல்ல போயி நின்னேன். ஒருத்தராவது உள்ள வான்னாகளா? செத்துப்போனவளுக்கு வெளக்குப் போட்டு, தண்ணி வச்சி, நாலு மாசம் வீட்ட ஒதுக்கி வச்சிருந்தீங்க. உசுரோட இருக்க மனுசனுக்கு ஒரு மூலை கெடையாதா இந்த ஊருல? எங்க வீட்டுக்காரரு சாகல ராவுத்தரம்மா. இந்தா, ஒங்க வெரலுக்குக் கீழதான இரையுது, கேக்கலையா ஒங்களுக்கு?"

பிறகு தரையில் உட்கார்ந்துவிட்டாள். ராமலட்சுமி வாசல் நிலையைப் பிடித்தபடி நின்றாள். ஆயிஷா பீவி தன் கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். விரலை எடுத்துக்கொண்டு எழுந்துபோக அவளுக்கு அந்த நேரத்தில் வழி இல்லை. எடுத்தால் அந்தப் புது வெள்ளைச் சுவரில் இரத்தம் அடிக்கும்.

குரல் இறங்கி, அவளே பேசினாள்.

"எனக்கு இவரு மேல கோவம் இல்ல தாயி. பயம். ஹாரூன் இந்த வீடுகள வித்துப்போட்டு வந்துருன்னு சொல்லுதான். அவன் பொண்டாட்டி என்னைய ஒரு மாசம் வச்சிருப்பா, ரெண்டு மாசம் வச்சிருப்பா. நான் சாகுறவரைக்கும் இங்கனதான் இருக்கணும். அதுக்கு இந்த அஞ்சு வீட்டுலயும் ஆளு இருக்கணும்." விளக்கைத் திரும்பிப் பார்த்தாள். "இருந்துக்கோ. ஆனா இந்தக் கூரைக்குள்ள அது நடக்கப்படாது. கடைசி நேரம்னு மனசுல பட்டுச்சுன்னா அந்த நிமிசமே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிரணும். அங்கன நடந்தா படைச்சவன் எழுத்து. நடந்தபெறகு இங்கன கொண்டாரவும் கூடாது. எங்க சத்தியம் ஒனக்கு வேண்டாம், ஒங்க சத்தியத்தப் பண்ணு. இந்த வெளக்குல அடிச்சுச் சொல்லு."

இதைவிடக் காலி பண்ணச் சொல்லியிருக்கலாம். புருஷன் கண்முன்னால், அவன் தன் வீட்டில் சாகமாட்டான் என்று, செத்தவளுக்கு ஏற்றிய விளக்கில் அடித்து எந்தப் பெண் சத்தியம் பண்ணுவாள்? அவன் பிணத்துக்கு வாசல்கூடக் கிடையாது என்று எந்த வாயால் சொல்வாள்? கற்பகம் கையைத் தூக்கினாள். கை பாதியில் நின்றது. அவளால் முடியவில்லை.

"அடிட்டி" என்றான் ராஜபாண்டி.

படுத்தபடி விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"அவிய சொல்லுதது நாயந்தான். அடிச்சுக் குடு."

கற்பகம் சுடருக்கு மேலே உள்ளங்கையைக் கவிழ்த்து அடித்தாள். சுடர் சாய்ந்து, அணையாமல் நிமிர்ந்தது. அவள் ஒரு சத்தமும் இல்லாமல் அழுதாள்.

"பஞ்சு அந்த நீலப் பையில இருக்கு பாரு" என்றான் அவன். "காலையில நாந்தான் வச்சேன்."

நீலப் பையில்தான் இருந்தது. ஆயிஷா பீவி விரலை மெல்ல எடுக்க, கற்பகம் பஞ்சை வைத்துப் பட்டையைச் சுற்றினாள். இரத்தம் நின்றுவிட்டிருந்தது. ராஜபாண்டி மூச்சை நன்றாக இழுத்து விட்டான்.

"கடற்கரை நம்பரச் செவுத்துல எழுதி வையி."

"எதுக்கு? போன்லதான் இருக்கே."

"போனு ஒன் கையில இருக்கும். நீ கம்பெனியில இருப்ப. பகல்ல எனக்கு ஒண்ணுன்னா இந்த மதினிதான் பாக்கணும், அம்மாதான் பாக்கணும். அவிய கூப்புட வேண்டாமா? நான் பாத்துச் சொல்லுத மாதிரி, படுத்தா தெரியுத மாதிரி எழுது. ஆட்டோ வர நேரம் இருக்கணும்லா."

"செவுத்துல எழுதப்படாதுன்னு சொல்லியிருக்காவ."

இரத்தக் கையைச் சேலையில் படாமல் தூக்கிப் பிடித்தபடி ஆயிஷா பீவி எழுந்தாள். "ராமலெச்சுமி, எங்க கொல்லை அடுப்புல கரி கெடக்கும். ஒரு துண்டு எடுத்துட்டு வா" என்றாள்.

ராமலட்சுமி போய் எடுத்துக்கொண்டு வந்தாள்.

கற்பகம் விளக்குக்கு மேலே, புதுச் சுண்ணாம்பில், போனைப் பார்த்துப் பார்த்து எழுதினாள். முதல் மூன்று எண்களைச் சின்னதாக எழுதிவிட்டாள்.

"பெருசா எழுது தாயி" என்றாள் ஆயிஷா பீவி. "என் கண்ணுக்கும் தெரியணும்."

அழித்துவிட்டுப் பெரிதாக எழுதினாள். ஒவ்வொரு எண்ணும் உள்ளங்கை அகலம். அழித்த கரி சுவரில் திட்டாகப் படிந்ததை யாரும் குறையாகச் சொல்லவில்லை. பள்ளிவாசலில் பாங்கு ஆரம்பித்தது. ஆயிஷா பீவி கை கழுவப் போனாள். எண்ணெய்ப் பாட்டிலை விளக்குப் பக்கத்திலேயே வைத்துவிட்டுப் போனாள்.

கற்பகம் கரித்துண்டைக் கீழே போட்டுவிட்டுத் திரும்பினாள். ராஜபாண்டி சுவரையே பார்த்துக்கொண்டிருந்தான். அவன் உதடுகள் அசைந்தன. சாமியைக் கும்பிடுகிறான் என்று நினைத்துக் கிட்டத்தில் போனாள். அவன் ஒன்பது, நாலு, நாலு என்று அந்தப் பத்து எண்களையும் மனப்பாடம் பண்ணிக்கொண்டிருந்தான்.